ஈரெழுத்தின் வரலாறு

நுழையும்முன்

சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்பொருள் அச்சொல்லுக்கு வாய்த்த வரலாறும் உண்டு. சொல் பொருளை உணர்த்துதற்குரிய காரணம் நோக்கிய அளவிலேயே புலப்படுவதில்லை என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. புலப்படாத அக்காரணத்தைச் சான்றுகளின் துணையோடு தேடுவதே சொல்லாய்வு. உலகெங்கும் நாள்தோறும் ஒலிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடிய அறிஞர் ஒருவரின் உழைப்பையும், அத்தேடல் உணர்த்தும் ஆய்வு நெறியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எங்கும் ஒலிக்கும் சொல்

பேருந்தில் ஏறியவர் கைப்பேசியில் 'ஓகே' என்று சொல்லி உரையாடலை முடிக்கிறார். கீழே விழுந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தும் தாய் 'ஓகேவா?' என்று கேட்கிறார். திரைப்படம் எப்படி என்று வினவிய நண்பனுக்கு 'ஏதோ, ஓகேதான்' என்று விடை கிடைக்கிறது. முதல் இடத்தில் அச்சொல் உடன்பாட்டைக் குறிக்கிறது. இரண்டாம் இடத்தில் நலத்தைக் குறிக்கிறது. மூன்றாம் இடத்தில் மிகச் சிறப்பும் இல்லை, பெருங்குறையும் இல்லை என்னும் நடுநிலையைக் குறிக்கிறது. இவையன்றி, அனுமதி அளித்தல், ஒப்புதல் வழங்குதல், ஒரு பேச்சை முடித்து மற்றொன்றைத் தொடங்குதல் ஆகியவற்றுக்கும் அதுவே பயன்படுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் வியப்பிடைச் சொல்லாகவும் நிற்கும். தமிழ்ப் பேச்சில் புகுந்தபின் வினாப்பொருளில் 'ஆ'வையும், தேற்றப்பொருளில் 'தான்' என்பதையும் ஏற்று, இம்மொழியின் இயல்புக்கு ஏற்ப வழங்குகிறது. 'சரி' என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்கவும் இந்த ஈரெழுத்து இத்துணை இயல்பாக நாவில் வந்து அமர்ந்துவிட்டது. இதன் பிறப்பிடம் எது என்னும் வினா, நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞரையும் பொதுமக்களையும் ஈர்த்து வந்துள்ளது.

உரிமை கோரியோர் பலர்

தந்தை அறியப்படாத குழந்தைக்குப் பலர் உரிமை கோரியது போல, இச்சொல்லுக்கும் பலர் உரிமை கோரினர். வட அமெரிக்கப் பழங்குடியினராகிய சாக்டா மக்களின் மொழியில் 'ஆம், அதுவே' என்னும் பொருளில் வழங்கும் 'ஓகே' என்னும் ஒலியே இதன் மூலம் என்றனர் சிலர். 1913 முதல் 1921 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய உட்ரோ வில்சன் இக்கருத்தை நம்பினார். எனவே, கோப்புகளுக்கு ஒப்புதல் அளிக்கும்போது ஈரெழுத்துச் சுருக்கமாக எழுதாமல், சாக்டா மொழிச் சொல் என்று தாம் கருதிய முறையில் முழுச்சொல்லாகவே எழுதினார்.

'எல்லாம் நன்று' என்று பொருள்படும் 'ஓலா கலா' என்னும் கிரேக்கத் தொடரை மூலமாகக் காட்டியோர் உண்டு. 'ஆம்' என்பதைக் குறிக்கும் 'ஓக் ஐ' என்னும் ஸ்காட்லாந்து வழக்கைக் காட்டியோரும் உண்டு. ஹெய்ட்டித் தீவில் மதுவகைக்குப் பெயர்பெற்ற ஒரு துறைமுகத்தின் பிரெஞ்சுப் பெயரைச் சிலர் சுட்டினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பிஸ்கட்டுகளில் பொறித்திருந்த முத்திரையே இச்சொல் ஆயிற்று என்பது மற்றொரு கதை. போர்க்களத்தில் ஒருவரும் இறவாத நாளில் 'இறந்தோர் சுழியம்' என்பதைக் குறிக்கச் சுழியத்தையும் 'கே' எழுத்தையும் பலகையில் எழுதினர் என்பது வேறொரு கதை.

இவற்றுள் ஒவ்வொன்றும் கேட்பதற்கு இனியது. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது. ஆனால், ஒலியொப்புமையும் பொருளொப்புமையும் மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகிவிடா. பிஸ்கட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல் நாளிதழ்களில் அச்சேறியிருப்பின், பிஸ்கட்டு முத்திரை அதற்குத் தாயாவது எங்ஙனம்? காலம் என்னும் ஒரே அளவுகோல் இக்கதையையும் போர்க்களப் பலகைக் கதையையும் ஒருசேர வீழ்த்திவிடுகிறது.

ஓர் அறிஞரின் தேடல்

இவ்வளவுகோலைக் கையில் ஏந்தி இச்சொல்லின் வரலாற்றைத் தேடியவர் ஆலன் வாக்கர் ரீட். 1906இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த இவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். பெருங்காப்பியங்களின் அருஞ்சொற்களை ஆராய்வதே அறிஞர்க்கு அழகு என்று கருதப்பட்ட காலத்தில், கடைத்தெருவிலும் தேர்தல் மேடையிலும் வழங்கும் எளிய சொற்களுக்குத் தம் உழைப்பை அளித்தவர்.

1941இல் ரீட் தம் முதல் முடிவை வெளியிட்டார். 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், பதவியிலிருந்த மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்னும் ஊரில் பிறந்தவராதலின் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அவரை ஆதரவாளர் அழைத்தனர். அதன் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஓ.கே. மன்றம்' என்னும் அமைப்பு நியூயார்க் நகரில் தோன்றியது. இதுவே இச்சொல்லின் பிறப்பு என்று ரீட் சான்றுகளுடன் நிறுவினார். நெடுங்காலப் புதிர் அவிழ்ந்தது என்று பலரும் மகிழ்ந்தனர்.

ரீட் அத்துடன் அமைந்துவிடவில்லை. தாம் கண்ட விடை பாராட்டப்பட்ட பின்னரும், அதற்கு முற்பட்ட சான்று இருத்தல் கூடுமோ என்னும் ஐயம் அவரைவிட்டு நீங்கவில்லை. பழைய நாளிதழ்களை அவர் தொடர்ந்து புரட்டினார். கணினியில் ஒரு சொல்லை இட்டு நொடிப்பொழுதில் தேடும் வசதி இல்லாத காலம் அது. மங்கிய தாள்களில் நுண்ணிய எழுத்துகளை வரிவரியாகக் கண்ணால் பார்த்தே தேடவேண்டியிருந்தது. தம் முதல் முடிவு வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்னும் ஆய்விதழில் அவர் தொடர் கட்டுரைகளை எழுதினார். தேர்தல் அச்சொல்லைப் பரப்பியதேயன்றிப் பிறப்பிக்கவில்லை என்று தம் முந்தைய முடிவைத் தாமே திருத்தினார்.

பாஸ்டன் நகரத்து விளையாட்டு

ரீட் கண்ட சான்று 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் வெளிவந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன், பிராவிடன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றுக்கு மறுமொழியாக ஒரு வேடிக்கைக் குறிப்பை எழுதியிருந்தார். அதனிடையே 'ஓ.கே.' என்னும் எழுத்துகள் இடம்பெற்றன. அவற்றை அடுத்து 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்னும் விளக்கமும் தரப்பட்டிருந்தது. எல்லாரும் அறிந்த சொல்லுக்கு எவரும் விளக்கம் எழுதுவதில்லை. எனவே, அந்த விளக்கமே அச்சொல்லின் புதுமைக்குச் சான்றாகிறது.

'ஆல் கரெக்ட்' என்பதன் முறையான முதலெழுத்துகள் 'ஏ', 'சி' என்பனவாகும். 'ஓ', 'கே' என்பன எவ்வாறு வந்தன? இங்கேதான் ரீட் ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல் அதன் சுற்றத்தையும் பார்த்தார். 1838ஆம் ஆண்டின் இடைப்பகுதி முதலாகப் பாஸ்டன் நாளிதழ்களில் சுருக்கெழுத்து விளையாட்டு ஒன்று பரவியிருந்தது. 'இது நடவாது' என்று பொருள்படும் 'நோ கோ' என்பதை 'என்.ஜி.' என்று எழுதினர். அற்பமானதைக் குறிக்கும் 'சிறிய உருளைக்கிழங்கு' என்னும் ஆங்கில வழக்கை 'எஸ்.பி.' என்றனர். ஊரைவிட்டு ஓடியவரை, 'டெக்சாசுக்குப் போய்விட்டார்' என்னும் பொருளில் 'ஜி.டி.' என்றனர்.

இவ்விளையாட்டு அடுத்த படிக்கு ஏறியது. வேண்டுமென்றே எழுத்துப்பிழையுடன் எழுதி, அப்பிழைச்சொல்லின் முதலெழுத்துகளைச் சுருக்கமாக்கினர். 'நோ கோ' என்பதன் முதற்சொல்லைக் 'கே' எழுத்தில் தொடங்குமாறு பிழையாக எழுதிக் 'கே.ஜி.' என்றனர். 'ஆல் ரைட்' என்பதைப் பிழையாக எழுதி 'ஓ.டபிள்யூ.' என்றனர். இவ்வரிசையில் வந்ததே 'ஓல் கொரெக்ட்' என்னும் பிழைத்தொடரின் சுருக்கமாகிய 'ஓ.கே.' என்பது. 'எல்லாம் சரி' என்று கூறும் தொடரின் முதலெழுத்துகள் இரண்டும் சரியாக இல்லாமையே அதன் நகை.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒப்பான வழக்குகளைக் காணலாம். ஒரு குழுவினர் தம்முள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு எடுத்துக்காட்டு. பாஸ்டன் இதழாளர் வழங்கிய சுருக்கங்கள் தொடக்கத்தில் அத்தன்மையனவே. கோயம்புத்தூர் 'கோவை' ஆனது ஒலி சிதைந்து குறுகிய மரூஉ. உ.வே.சா., திரு.வி.க. என்பன முதலெழுத்துகளால் ஆகிய சுருக்கங்கள். 'ஓ.கே.' இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆனால், எழுத்துப்பிழையின் முதலெழுத்துகளால் ஆனமையால் அதன் மூலத்தைக் கண்டறிதல் அரிதாயிற்று.

தேர்தல் வளர்த்த சொல்

அவ்விளையாட்டில் தோன்றிய சுருக்கங்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மறைந்தன. 'ஓ.கே.' மட்டும் பிழைத்ததற்கு 1840ஆம் ஆண்டுத் தேர்தலே காரணம். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்னும் பெயரும் 'எல்லாம் சரி' என்னும் பொருளும் ஒரே ஈரெழுத்தில் இணைந்தன. ஆதரவாளர் அதனை முழக்கமாக்கினர். எதிரணியினர் அதே எழுத்துகளுக்கு வசைப்பொருள் கற்பித்தனர். வான் பியூரன் தேர்தலில் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். தலைவர் பதவி இழந்தார். சொல் நாடெங்கும் பரவியது.

அத்தேர்தல் ஒரு பொய்க்கதையையும் விட்டுச்சென்றது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்தறிவில் குறைந்தவர் என்றும், 'ஆல் கரெக்ட்' என்பதைப் பிழையாக எழுதும் அவரே கோப்புகளில் 'ஓ.கே.' என்று இட்டார் என்றும் எதிர்ப்பாளர் ஏளனம் செய்தனர். பிற்காலத்தார் சிலர் இதனை மெய்யென்றே கொண்டனர். அதற்குச் சான்றாக டென்னசி மாநிலத்தின் சம்னர் வட்டத்தில் 1790ஆம் ஆண்டு எழுதப்பட்ட நீதிமன்றப் பதிவேடு ஒன்றையும் காட்டினர். அப்போது வழக்குரைஞராக இருந்த ஜாக்சன் மெய்ப்பித்த ஒரு விற்பனைப் பத்திரத்தை அடுத்து 'ஓ.கே.' என்று இருப்பதாகக் கூறினர். மூலக் கையெழுத்தை ஊன்றி நோக்கியபோது அது 'கே' அன்று, 'ஆர்' என்பது தெளிவாயிற்று. 'பதிவு செய்ய ஆணையிடப்பட்டது' என்னும் தொடரின் சுருக்கமாகிய 'ஓ.ஆர்.' என்பதே அங்கு எழுதப்பட்டிருந்தது. ஓலைச்சுவடியில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால் பாட்டின் பொருளே மாறிவிடுதலை உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். இங்கும் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தமையால், இல்லாத வரலாறு ஒன்று உண்டாயிற்று.

ஏட்டில் ஏறாத குரல்கள்

அந்த விற்பனைப் பத்திரம் எதனைப் பற்றியது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அது நிலத்தையோ கால்நடையையோ விற்ற பத்திரம் அன்று. கறுப்பின மனிதர் ஒருவரை விற்ற பத்திரம். விற்றவர், வாங்கியவர், வழக்குரைஞர் ஆகியோரின் பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. விற்கப்பட்டவர் பேசிய மொழி எது, அவர் எச்சொல்லால் 'ஆம்' என்றார் என்பது எப்பதிவேட்டிலும் இல்லை.

மொழியியலாளர் டேவிட் டால்பி முன்வைத்த கருத்தை இப்பின்னணியில் காணுதல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஓலோஃப் மொழியில் 'வாவ்' என்பது 'ஆம்' என்று பொருள்படும். 'கே' என்பது அதற்கு அழுத்தம் தரும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் பேச்சில் வழங்கிய இத்தகைய தொடரே 'ஓகே' ஆயிருக்கலாம் என்றார் அவர். ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. பாஸ்டன் நாளிதழ்ச் சான்று காலத்தாலும் பொருளாலும் உடன்தோன்றிய பிற சுருக்கங்களாலும் தொடர்ச்சியாக அமைந்துள்ளது. ஓலோஃப் தொடரை அதனோடு இணைக்கும் எழுத்துச்சான்று கிடைக்கவில்லை.

இம்முடிவு முறையானதே. எனினும், எழுத்துச்சான்று இல்லாமைக்கும் ஒரு வரலாறு உண்டு. எழுதுகோலும் அச்சுக்கூடமும் எவரிடம் இருந்தனவோ அவர்தம் சொற்களே ஏடுகளில் நிலைத்தன. எழுதப்படிக்கக் கற்பதே அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஆதலால், சான்றின்றி ஒரு கருத்தை உண்மையென நிறுவுதல் தகாது என்பது எத்துணை உண்மையோ, சான்று விட்டுச்செல்ல வாய்ப்பு மறுக்கப்பட்டோரை மறத்தல் தகாது என்பதும் அத்துணை உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரக் கருதுவதே ஆய்வாளரின் கடமை.

உலகை வலம்வந்த சொல்

தந்தியின் வருகை இச்சொல்லுக்கு வேகம் தந்தது. 1844இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்திச் செய்தி அனுப்பினார். தொடர்ந்து பெருகிய தந்தி நிலையங்களில், செய்தி முறையாக வந்து சேர்ந்தது என்பதைத் தெரிவிக்க ஈரெழுத்தே போதுமானதாயிற்று. தொடர்வண்டித் துறையும் அதனை ஏற்றது.

இலக்கிய உலகம் அத்துணை எளிதில் ஏற்கவில்லை. லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் உமன்' புதினத்தின் முதற்பதிப்பில் ஏமி என்னும் பாத்திரத்தின் கூற்றில் இச்சொல் இடம்பெற்றது. பின்னர் வந்த பதிப்பில் அது நீக்கப்பட்டு வேறு சொல் அமைக்கப்பட்டது. வணிகத்துக்குப் பொருந்திய சொல் நூலுக்குப் பொருந்தாது என்று அக்காலத்தார் கருதியதை இம்மாற்றம் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1969இல் அப்பல்லோ 11 விண்கலத்தின் இறங்குகலம் நிலவைத் தொட்ட நொடிகளில் அதிலிருந்து பூமிக்கு வந்த பேச்சில் இச்சொல் ஒலித்தது. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தார் 'லிசா' என்னும் கணினியை வடிவமைத்தபோது, கட்டளையை உறுதிசெய்யும் பொத்தானில் 'இதைச் செய்' என்று பொருள்படும் 'டூ இட்' என்னும் ஆங்கிலத் தொடரைப் பொறித்திருந்தனர். சோதனையின்போது, அதன் இரு சொற்களையும் சேர்த்துப் படித்த ஒருவர், கணினி தம்மை 'டோல்ட்', அதாவது மூடர் என்று இகழ்வதாகக் கருதி வருந்தினார். அதன்பின் அப்பொத்தானில் 'ஓகே' பொறிக்கப்பட்டது. எழுத்தை மாற்றி எழுதும் விளையாட்டில் பிறந்த சொல், எழுத்தை மாற்றிப் படித்ததால் நேர்ந்த வருத்தத்தைத் தீர்த்து வைத்தது.

சொல்லாய்வு கற்பிக்கும் பாடம்

பழங்குடியினரின் மொழி, கிரேக்கம், போர்க்களம் எனப் பெருமைக்குரிய மூலங்களை இச்சொல்லுக்குத் தேடியோர் பலர். உலகம் ஏற்ற சொல் ஒரு நாளிதழ் வேடிக்கையில், அதிலும் ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது என்பதை அவர்தம் மனம் ஒப்பவில்லை. ஆனால், சொல்லின் மதிப்பு அதன் குலத்தால் அமைவதன்று. அது ஆற்றும் பணியால் அமைவது. விழுந்த குழந்தையிடம் நலம் கேட்கும் தாய்க்கு அச்சொல் உதவுகிறது. அதன் பிறப்பு எளியது என்பதால் அவ்வுதவி குறைந்துவிடுவதில்லை.

தமிழில் ஊர்ப்பெயர்களுக்கும் பழஞ்சொற்களுக்கும் இனிய கதைகள் பல வழங்குகின்றன. அவற்றைக் கேட்டு மகிழ்தல் தவறன்று. ஆனால், உண்மை காண விழைவோர், அச்சொல் முதன்முதலில் எங்கே, எப்பொருளில், எவற்றோடு சேர்ந்து வந்துள்ளது என்பதைக் கல்வெட்டிலும் சுவடியிலும் நிகண்டிலும் பழைய இதழ்களிலும் தேடுதல் வேண்டும். ஒலி ஒத்தது என்னும் மகிழ்ச்சியில் தேடலை முடித்துக்கொள்ளுதல் கூடாது. தம் மொழிக்குப் பெருமை சேர்க்கும் விளக்கமாயினும், பிறமொழிக்குப் பெருமை சேர்க்கும் விளக்கமாயினும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும்.

ஆலன் வாக்கர் ரீட் தம் 96ஆம் வயதில், 2002இல் மறைந்தார். உலகம் பாராட்டிய தம் விடையைத் தாமே மறுத்துத் திருத்தியது அவர்தம் வாழ்வின் பெருஞ்செயல். பிறர் பிழையைச் சுட்டுவதற்குப் புலமை போதும். தம் பிழையைத் தேடிக் கண்டு ஊரறிய உரைப்பதற்கு உண்மையின்பால் பற்று வேண்டும். அப்பற்று உடையாரே சொல்லாய்வில் ஈடுபடத் தக்கார்.